கால் கிலோ கிராம்பு

இந்தக் கதையை நானே முழுசாக நம்புவதில்லை சார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தியாகராசா என்கிற ஆள் என் விசாவைக் கெடுத்தார், அவ்வளவுதான் கதை. இருபத்தொரு வருஷமாக யார் கேட்டாலும் ஒரு வார்த்தை மாறாமல் இதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் சொல்லும்போதெல்லாம் எங்கேயோ ஓர் இடத்தில் இடறும். சோற்றில் கல் கடிபட்ட மாதிரி. துப்பவும் மாட்டேன், சாப்பாட்டை நிறுத்தவும் மாட்டேன். விழுங்கிவிட்டு அடுத்த கவளத்துக்குப் போய்விடுவேன்.

உங்கள் மடியில் இருக்கிற பைலைப் பார்த்துத்தான் பேச்சுக் கொடுத்தேன். வெள்ளைத் துணியைப் பின்னால் கட்டி, காது ரெண்டும் தெரிகிற மாதிரி எடுத்த போட்டோ. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எலெக்ட்ரீஷியனா? மூன்று வருஷ விசாவா? நல்லது. இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்று நான் கேட்க மாட்டேன். அது உங்கள் தொழில் விஷயம். இந்த பஸ் மதுரைக்குப் போய்ச் சேர இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறது. என்னுடையதைச் சொல்கிறேன்.

என் பெயர் சீனிச்சாமி. பிரியாணி மாஸ்டர். மதுரையில் ஒரு பெரிய ஓட்டல், பெயர் வேண்டாம், அங்கே பதினோரு வருஷம் அண்டா என் கையில் இருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வந்தால் பிரியாணி கிடையாது என்று போர்டு வைத்தார்கள் சார். அந்தப் போர்டு என்னால் வந்தது, முதலாளியால் இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு ஒழுங்கு உண்டு. மசாலாப் பொடியை மாஸ்டர்தான் கலக்க வேண்டும். கலக்கும்போது அந்த அறையில் வேறு ஒருத்தனும் இருக்கக் கூடாது. நான் பட்டையும் கிராம்பும் ஒரு கடையில் வாங்குவேன், ஏலக்காயையும் ஜாதிபத்திரியையும் வேறொரு கடையில், கல்பாசி, மராட்டி மொக்கு எல்லாம் மூன்றாவது கடையில். எந்தக் கடைக்காரனுக்கும் முழு லிஸ்ட் தெரியாது. அளந்து முடித்ததும் எடைக்கல்லை எல்லாம் கலைத்துப் போட்டுவிடுவேன். தராசில் கிடக்கிற கல்லைப் பார்த்தே அளவைப் பிடித்துவிடுகிற பயல்கள் இருக்கிறார்கள். இதைக் கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். என் மாஸ்டர் என்னிடம் அப்படித்தான் இருந்தார். அவருடைய பொடியை நான் வாசம் பிடித்தே கற்றுக்கொண்டேன். எட்டு வருஷம் ஆயிற்று.

எனக்குக் கீழே மாயழகு என்று ஒருவன். உசிலம்பட்டிப் பக்கம். கறி கழுவுகிற வேலைக்கு வந்து, வெங்காயம் வெட்டி, அடுப்புப் பார்த்து, ஏழு வருஷத்தில் எனக்கு அடுத்த ஆளாகிவிட்டான். நல்ல வேலைக்காரன். தம் போடுவதில் என்னை மாதிரியே வருவான், மறுக்கவில்லை. ஆனால் பொடி கலக்கிற நேரம் வந்ததும் அவனே எழுந்து வெளியே போய்விடுவான். நான் சொல்ல வேண்டியதே இல்லை. அப்படிப் பழக்கியிருந்தேன். ஒரே ஒரு தடவை, கல்யாண ஆர்டர் அன்றைக்கு, கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கையில் இருந்த கரண்டியால் ஒன்று வைத்தேன். தோளில் பட்டது. அன்றைக்குச் சாயங்காலம் நானே அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அதோடு சரி. பையன் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

தியாகராசா வந்தது அதற்கு அடுத்த வருஷம். யாழ்ப்பாணத்துக்காரர், லண்டனில் குடியிருப்பு. மீனாட்சியம்மனைக் கும்பிட வந்தவர் அடுத்த நாள் எங்கள் ஓட்டலுக்கு வந்திருக்கிறார். ஒரு பிளேட் சாப்பிட்டு, இன்னொரு பிளேட் சொல்லி, அதையும் முடித்துவிட்டு நேரே அடுக்களைக்குள் வந்து நின்றார். கதர்ச் சட்டை, கழுத்தில் மெல்லிய சங்கிலி. நான்தான் மாஸ்டர் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அங்கே கடை திறக்கப் போகிறாராம். ஒரு மாஸ்டர், ஒரு உதவி மாஸ்டர் வேண்டுமாம். வேலை அனுமதிக் காகிதம் அவரே அனுப்புவாராம். முதலில் மூன்று வருஷம். அப்புறம் நீட்டித்துத் தருவார்கள். ஐந்து வருஷத்தை ஓட்டிவிட்டால் பெண்டாட்டி பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டு அங்கேயே இருந்துவிடலாம்.

உதவிக்கு யார் என்று கேட்டார். நான்தான் சார் மாயழகைக் காட்டினேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவனை லண்டனுக்கு அனுப்பியவன் நான்.

ஆறு மாதத்தில் இரண்டு பேருக்கும் காகிதம் வந்தது. நான் வேலையை விட்டேன். சும்மா விடவில்லை. பதினோரு வருஷம் மனதில் வைத்திருந்ததை எல்லாம் முதலாளியின் மூஞ்சிக்கு நேரே கொட்டிவிட்டுத்தான் இறங்கினேன். திரும்பி வருகிற ஆள் அப்படிப் பேசுவானா? என் வீட்டுக்காரி இந்திராணி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். என் மகளுக்கு அப்போது நாலு வயது. அவள் பால்வாடியில் சொல்லிவிட்டாள்.

சித்திரை மாதம். மெட்ராஸ் வெயில். விடிவதற்கு முன்பே விசா ஆபீஸுக்குப் போய் வரிசையில் நின்றோம். பையையும் செல்போனையும் உள்ளே விடமாட்டார்கள் என்று எதிர்த்த டீக்கடையில் கொடுத்து வைத்தோம். உள்ளே போனால் ஏசி, வரிசையாக நாற்காலி, எதிரே கண்ணாடி போட்ட கவுண்டர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆபீஸர், பக்கத்தில் மொழிபெயர்க்கிற ஆள். இந்தப் பக்கம் நாம் நிற்க வேண்டும். நடுவில் ஒரு மைக். இரண்டு பக்கமும் பேசுகிறது அந்த ஹால் முழுக்கக் கேட்கிறது சார். ஒருத்தன் பெண்டாட்டியோடு எத்தனை நாள் பேசாமல் இருந்தான் என்பது வரைக்கும் நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தோம். அங்கே இன்றைக்கும் அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அப்படி.

என் டோக்கன் எழுபத்தாறு. மாயழகுக்கு எழுபத்தேழு. என்னைக் கூப்பிட்டதும் அடுத்த டோக்கனையும் முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு நேர் பின்னால், இந்த சீட்டுக்கும் அந்த சீட்டுக்கும் உள்ள தூரத்தில், மாயழகு.

ஆபீஸர் சின்ன வயது வெள்ளைக்காரர். அவர் பக்கத்தில் மொழிபெயர்ப்புக்கு நம் ஊர் அம்மா ஒருத்தர், காட்டன் சேலை, கண்ணாடி. பெயர், ஊர், எத்தனை வருஷ அனுபவம், எல்லாம் சொன்னேன். பிறகு அந்த அம்மா கேட்டார்கள், பத்துக் கிலோ அரிசிக்கு மட்டன் பிரியாணி போட வேண்டும், மசாலாச் சாமான் என்னென்ன, எவ்வளவு எவ்வளவு, வரிசையாகச் சொல்லுங்கள் என்று.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இப்போது நினைத்தாலும் வருகிறது. ஒரு மாஸ்டரிடம் கேட்கிற கேள்வியா அது? நாற்பது பேருக்கு நடுவில், மைக்கில்? பின்னால் இருக்கிறவன் ஏழு வருஷமாக எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறானோ அதை?

திரும்பி மாயழகைப் பார்த்தேன். தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது இங்கேதானே இருக்கும். தள்ளிப் போடா என்று கண்ணைக் காட்டினேன். அவனும் புரிந்துகொண்டு எழுந்து ஒதுங்கினான். வாட்ச்மேன் வந்து திரும்ப அதே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனார். நான் குரலைத் தாழ்த்தினேன். ஆபீஸர் மைக்கைத் தட்டிக் காட்டினார், சத்தமாக என்று.

சரி என்று சொன்னேன். பட்டை அரைக் கிலோ என்றேன். கிராம்பு கால் கிலோ என்றேன். அன்னாசிப்பூ வேண்டவே வேண்டாம் என்றேன். ஒரு படி அரிசிக்கு மூன்று படி தண்ணீர் என்றேன்.

உங்களுக்குச் சமையல் தெரியுமா சார்? தெரியாதென்றால் சொல்கிறேன். கால் கிலோ கிராம்பைப் போட்டால் பிரியாணியை வாயில் வைக்க முடியாது, நாக்கு மரத்துப் போய்விடும். மூன்று படி தண்ணீர் என்றால் அது கஞ்சி. வேண்டுமென்றுதான் சொன்னேன். மாயழகு அதை மனப்பாடம் செய்துகொண்டு போய் லண்டனில் போட்டுப் பார்க்கட்டும் என்று.

சரியான அளவு என்ன என்று கேட்கிறீர்களா? நீங்கள் கரண்ட் வேலைக்காரர். உங்களிடம் சொன்னால் எனக்கு என்ன போய்விடப் போகிறது? ஆனாலும் சொல்ல மாட்டேன். தப்பாக நினைக்காதீர்கள்.

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். "கிராம்பு கால் கிலோவா? பத்துக் கிலோ அரிசிக்கா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல" என்றார்கள். ஓகோ, இந்த அம்மாவுக்கும் வீட்டில் போட்டுப் பார்க்க ஆசை போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. "இருவது வருசமா இதேதாம்மா போடுறேன்" என்றேன். அவர்கள் ஆபீஸரிடம் ஏதோ சொன்னார்கள். அவர் எழுதிக்கொண்டார். போகலாம் என்றார்கள். வெளியே வரும்போது எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

மாயழகு உள்ளே இருந்து வர இருபது நிமிஷம் ஆயிற்று. சாயங்காலம் நாலு மணிக்கு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவனுடையதில் விசா ஒட்டியிருந்தது. என்னுடையதில் ஒரு கடிதம் மடித்து வைத்திருந்தது. இங்கிலீஷில்.

அந்த டீக்கடையில் நின்று அவனைக் கேட்டேன், உனக்குக் கிடைத்து எனக்குக் கிடைக்கவில்லை என்றால் என்னடா அர்த்தம் என்று. டீயைக் கடைசி வரைக்கும் குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தான். அப்புறம் சொன்னான்.

"மாஸ்டர், உள்ள அந்தம்மா சொன்னாங்க. தியாகராசா அண்ணன் போன வாரமே உங்க காகிதத்த வாபஸ் வாங்கிட்டாராம். ஒரு ஆளு போதும்னு எழுதிட்டாராம்."

இதுதான் சார் நான் இருபத்தொரு வருஷமாகச் சொல்லி வருகிற கதை. அவன் வாயிலிருந்து வந்தது, நான் அப்படியே வாங்கிக்கொண்டேன். இரண்டு பிளேட் தின்றுவிட்டுக் கையைப் பிடித்த ஆள், பெரிய சம்பளக்காரனை வெட்டிவிட்டு உதவியாளை வைத்து ஒப்பேற்றப் பார்க்கிறான். இது எந்த முதலாளியும் செய்கிற காரியம்தானே? யோசிக்க ஒன்றும் இல்லை.

ஊருக்கு வந்தேன். பழைய முதலாளி சேர்க்கவில்லை. நான் பேசிய பேச்சுக்கு எப்படிச் சேர்ப்பார்? பைபாஸில் ஒரு கடை, அப்புறம் வாடிப்பட்டியில் ஒரு கடை, அப்புறம் கல்யாண ஆர்டர். தெருவில் என் பெயர் லண்டன் என்று ஆகிவிட்டது. "என்ன லண்டன், கறிக்கடையில கூட்டமா?" "லண்டன் வர்றாரு, வழிய விடுங்கடா." என் மகளைப் பள்ளிக்கூடத்தில் லண்டன் மகள் என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு வரைக்கும். அவள் என்னிடம் சொன்னதில்லை, இந்திராணி சொன்னாள். ஒவ்வொரு தடவையும் நான் தியாகராசாவைத்தான் திட்டினேன்.

அந்த ஆள் ஒரு தடவை என்னைத் தேடி வந்தார் சார். விசா போய் ஆறு வருஷம் கழித்து. வாடிப்பட்டிக் கடையை விசாரித்துக் கண்டுபிடித்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். மத்தியான நேரம், கடையில் முப்பது பேர். நான் கரண்டியோடு வெளியே வந்து, என் வாயில் என்னென்ன வருமோ எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மனைவி பயந்து போய்க் காரில் ஏறிக்கொண்டார்கள். அவர் மட்டும் நின்றார். "நான் ரெண்டு பேருக்கும்தானே கடதாசி அனுப்பினனான். என்னிலை ஏன் கோவிக்கிறியள்?" என்றார். நடிக்கிறான் பார் என்று இன்னும் கத்தினேன். சாப்பிடாமல் போனார். என் கடை வாசல் வரைக்கும் பசியோடு வந்த ஒருத்தரை நான் சாப்பிடாமல் அனுப்பியது அந்த ஒரு தடவைதான்.

அன்றைக்கு ராத்திரிதான் முதல் தடவையாக இடறியது. பொய் சொல்ல வேண்டிய ஆள் வாடிப்பட்டி வரைக்கும் ஏன் வர வேண்டும்? ஆனால் யோசிக்க யோசிக்கக் கோபம்தான் வந்தது, பதில் வரவில்லை. கோபம் வந்தால் அதோடு விட்டுவிடுவது என் பழக்கம்.

அந்தக் கடிதத்தை ஏன் அப்போதே யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். எதற்கு? கொடுக்க மாட்டேன் என்பதை இங்கிலீஷில் எழுதியிருப்பான். அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு நான் இன்னொரு முறை அவமானப்பட வேண்டுமா? பாஸ்போர்ட்டோடு பீரோவில் கிடந்தது.

போன மாதம் என் மகள் பவித்ரா, இப்போது அவள் ஒரு டீச்சர், ஏதோ சான்றிதழ் தேடும்போது அதை எடுத்துப் படித்திருக்கிறாள். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தமிழில் சொன்னாள். அதில் தியாகராசா பெயரில் ஒரு குறையும் இல்லை. வேலை கொடுப்பவரின் காகிதங்கள் சரியாக இருக்கின்றன என்றே எழுதியிருக்கிறது. விண்ணப்பித்தவர் இருபது வருஷம் செய்ததாகச் சொல்லும் தொழிலைப் பற்றிக் கேட்ட எளிய கேள்விக்கு நம்பும்படியான பதில் சொல்லவில்லை, அவர் சமையல்காரர் என்பதை ஏற்க முடியவில்லை. இதுதான் இருக்கிறது.

எளிய கேள்வியாம். நான் சமையல்காரன் இல்லையாம்.

"அப்பா, நீங்க அங்க என்னதான் சொன்னீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். கால் கிலோ கிராம்பு என்றதும் சிரித்தாள் சார். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தாள். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்கினேன். பின்னால் மாயழகு உட்கார்ந்திருந்தான், வேறு என்ன செய்வது என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கடிதத்தை இருந்த மடிப்பிலேயே மடித்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை. பெற்ற அப்பனைப் பார்க்கிற பார்வையா அது?

ஆனால் அந்த ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தியாகராசா காகிதத்தை வாபஸ் வாங்கியிருந்தால் என்னை எதற்கு உள்ளே கூப்பிட்டு அளவு கேட்க வேண்டும்? வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்களே. இது அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். சரி, தியாகராசா கெடுக்கவில்லை என்றால் கெடுத்தது யார்? அப்படி ஒரு பொய்யைக் கட்டினவன்தானே? என் இடத்துக்குப் போய் உட்கார்ந்தவன்தானே? பழைய கோபம் மொத்தமும் ஒரே நாளில் மாயழகு பக்கம் திரும்பிவிட்டது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், உடம்பே லேசான மாதிரி இருந்தது.

அவன் அங்கேயே தங்கிவிட்டான் சார். விசா நீட்டிப்பு, குடும்பம், குடியுரிமை, எல்லாம் ஆயிற்று. இப்போது அவனுக்கே சொந்தமாக ஒரு கடை இருக்கிறதாம். மதுரை பிரியாணி என்று பெயராம். சனி ஞாயிறு வரிசையில் நின்று வாங்குகிறார்களாம். என்னத்தைப் போடுகிறானோ. பாக்கெட் மசாலாவாகத்தான் இருக்கும், வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும் என்று நான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

லீவில் வந்து வேளச்சேரியில் மச்சினன் வீட்டில் இருக்கிறான் என்று தெரிந்தது. நேற்றுப் போனேன். கத்திவிட்டு வருவது என்றுதான் போனேன். பஸ்ஸில் வரும்போதே எந்த வார்த்தைக்குப் பிறகு எந்த வார்த்தை என்று அடுக்கி வைத்திருந்தேன்.

கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். தலை முழுக்க நரை. நாற்காலியைத் துடைத்துப் போட்டான், அவன் உட்காரவில்லை. அடுக்களையில் ஏதோ தம்மில் இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் மாஸ்டர் என்றான். நான் அந்தப் பக்கம் மூக்கைக்கூடத் திருப்பவில்லை. கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். அவனுக்கு இங்கிலீஷ் நன்றாகப் படிக்க வருகிறது. படித்தான். திரும்ப வைத்தான்.

"தியாகராசா வாபஸ் வாங்கினாருன்னு உள்ள யார்றா சொன்னது உனக்கு?" என்றேன்.

"யாரும் சொல்லல மாஸ்டர். நானாத்தான் சொன்னேன்."

அடுக்கி வைத்திருந்ததில் முதல் வார்த்தையை எடுப்பதற்குள் அவனே மேலே பேசினான். "நீங்க சொன்னத நான் பின்னால உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். யாருக்காக மாத்திச் சொன்னீங்கன்னும் தெரியும். டீக்கடையில வச்சு அத எப்பிடி மாஸ்டர் உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்றது? உங்களாலதான் போச்சுன்னு தெரிஞ்சா நீங்க மறுபடி அண்டாவத் தொட்டிருக்க மாட்டீங்க. கோவப்பட ஒரு ஆளு வேணும்ல உங்களுக்கு. அவரு தூரத்துல இருந்தாரு."

தியாகராசா இன்றைக்கும் என்னைப் பற்றி விசாரிப்பாராம். நம்பர் தரட்டுமா என்றான். கடிதத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன் சார். ஆனால் அந்த ஹால்தான் ஞாபகத்துக்கு வந்தது. நான் வெளியே வந்த பிறகு இருபது நிமிஷம் இவன் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருக்கிறான். அந்த அம்மா பேனாவை மறுபடியும் கையில் எடுத்திருப்பார்கள், இவன் சொன்ன அளவு சரியாக இருந்ததால்தானே விசா ஒட்டினார்கள். இத்தனை வருஷத்தில் அந்த இருபது நிமிஷத்தை நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. மெதுவாகத்தான் கேட்டேன்.

"மாயழகு, பத்துக் கிலோ அரிசிக்கு எவ்வளவுன்னு உன்கிட்டயும் கேட்டிருப்பாங்கள்ல. நீ என்னப்பா அளவு சொன்ன?"